கைதட்டக் கூடாத பந்தயம்

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் சைக்கிளைக் குட்டியானை வண்டியின் பின்பக்கம் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். ஓசூரில் மார்கழிப் பனி சும்மா விழாது. வாயைத் திறந்தால் புகை வரும். என் கணவர் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"போதும் விடுங்க. அது என்ன மாடா, குதிச்சி ஓடறதுக்கு?"

"அது ஓடாது. நீதான் ஓடுவ. அதான் எனக்கு பயம்" என்றார்.

நாங்கள் கிளம்பியது டவுன்ஹில் பந்தயத்துக்கு. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் சைக்கிளில் இறங்க வேண்டும். ரோடு கிடையாது. கல், முள், பாறை, மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளம், இவைதான் பாதை. எல்லாரையும் சேர்த்து விட மாட்டார்கள். ஒவ்வொருவராக இறக்குவார்கள். யார் குறைந்த நேரத்தில் வருகிறாரோ அவர் ஜெயித்தவர்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கியர் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் விடுவேன், இல்லையென்றால் ஒதுக்கிவைப்பேன். நின்ற இடத்தில் நின்றபடி செய்கிற வேலை. அப்பா பிழைப்புக்காக விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் வளர்ந்ததெல்லாம் ஓசூரில்தான். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அப்படிப் போகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறும் சைக்கிள்காரர்கள் சிலர் பழக்கமானார்கள். முதல் தடவை அவர்களோடு ஒரு பாறைச் சரிவில் இறங்கினேன். கீழே வந்து நின்றபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. பைத்தியக்காரி மாதிரி தனியாக நின்று சிரித்தேன். அன்றோடு பிடித்துக்கொண்டதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. அவருக்குக் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் கல்லாவி ஊர். பம்பு செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ். சைக்கிளில் ஏற மாட்டார். ஆனால் என் சைக்கிளின் ஒவ்வொரு திருகும் அவருக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பாறை விளிம்பிலிருந்து குதிக்கப் போய், கடைசி நொடியில் பயந்து பிரேக்கைப் பிடித்து, தலைகுப்புற விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் எந்த விளிம்பைப் பார்த்தாலும் என் விரல்கள் தாமாகவே பிரேக்குக்குப் போய்விடும். மூளை சொல்வதை அவை கேட்பதே இல்லை.

பந்தயம் நடந்த மலை சூளகிரிப் பக்கம். மொட்டைப் பாறைமலை. பின்பக்கம் பழைய குவாரிப் பாதை ஒன்று இருந்தது. அதன் வழியாக சைக்கிள்களையும் எங்களையும் டிராக்டரில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூர் ஆட்கள்தான் நிறைய. கோயம்புத்தூரிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பெண்கள் பிரிவில் என்னையும் சேர்த்து நாலே பேர். அவர்களில் ஒரு பெங்களூர்ப் பெண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள்தான் ஜெயிக்கப் போகிறாள் என்று. நல்ல உயரம். தலையில் பாதிக்கு மேல் நரை. என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். ஹெல்மெட்டில் ஒரு இடம் விடாமல் கீறல்.

பாதையை முதலில் நடந்து பார்க்க விட்டார்கள். மேல் பாகம் முழுக்க உருளும் கற்கள், இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர். நடுவில் வீட்டு மொட்டைமாடி அளவுக்கு ஒரு பாறைத் தளம். சரிந்துகொண்டே போய், ஒரு ஆள் உயரத்துக்கு அப்படியே வெட்டினாற்போல முடியும். அங்கே சைக்கிளோடு காற்றில் பறந்து கீழே மண்சரிவில் இறங்க வேண்டும். பயப்படுகிறவர்களுக்காக இடதுபுறம் ஒரு சுற்றுவழி விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே புளியந்தோப்பு, அதையும் தாண்டினால் ராகி வயலோரமாக நீளமான ஒற்றையடிப் பாதை. அந்தக் கடைசிப் பாகம் கிட்டத்தட்டச் சமதளம். மூச்சு முட்ட மிதிக்க வேண்டும்.

விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். உடனே ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"சுத்தி வந்துடு" என்றார் அவர். "வயலோரம் மிதிச்சி பிடிச்சிக்கலாம். தெனம் சிப்காட்டுக்கு மிதிக்கற காலு. அங்க எவளும் உன்னை தொட முடியாது."

அதுதான் எங்கள் திட்டமும். பயிற்சி ஓட்டத்தின்போது பாறைத் தளத்தில் வேகமாக வந்து பார்த்தேன். விளிம்பு நெருங்கியதும் விரல் பிரேக்கைப் பிடித்துவிட்டது. மறுபடி டிராக்டரில் மேலே போனேன். மறுபடி வந்தேன். மறுபடியும் நின்றேன். மூன்றாம் தடவை பார்க்கப் பொறுமை இல்லாமல் சுற்றுவழியில் இறங்கிவிட்டேன்.

மத்தியானம் அவருடைய போன் அடித்தது. கல்லாவியிலிருந்து மாமியார். எங்களுக்கு அவரைக்காய் கொண்டுவர வேண்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறியிருக்கிறார்.

"கிருஷ்ணகிரி தாண்டிட்டேன்டா. ஓசூர்ல எறங்கனதும் வண்டி எடுத்துக்கினு வா."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். இந்த சைக்கிள் சமாச்சாரம் எதுவும் அத்தைக்குத் தெரியாது. கடைசியில், "அம்மா, நீ சூளகிரிலயே எறங்கிடு. நாங்க இங்கதான் இருக்கறோம்" என்றார்.

அரைமணி நேரத்தில் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது நான் முழங்கால் கவசம், மார்புக் கவசம், முகத்தையே மூடுகிற ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். அத்தை கையில் ஒரு கட்டப்பை, அது நிறைய அவரைக்காய். என்னைத் தாண்டிப் போய், ஷாமியானாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கடா அவ?"

"அத்தை, இங்க" என்றேன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அத்தை ரெண்டடி பின்னால் போனார். பிறகு கிட்டே வந்து ஹெல்மெட்டின் ஓட்டை வழியாக என் கண்ணைப் பார்த்தார். "அடிப்பாவி, நீயா? என்னாம்மா இது வேஷம்? கம்பெனில இந்த மாதிரி வேலையும் தராங்களா?"

அவர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அத்தை மலையை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் ஒரு பையன் பாறையிலிருந்து பறந்து இறங்கினான். தூரத்திலிருந்து பார்த்தபோது யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. அத்தையின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. பிறகு மகனிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன்டா, போன வருசம் இவ கை ஒடைஞ்சிதே, பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்னு சொன்னியே?"

அவர் கட்டப்பையை வாங்கிக்கொண்டு வண்டியை நோக்கி வேகமாக நடந்தார்.

திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அத்தை திட்டவில்லை. உண்மையில் என்னை மறந்தே போனார். அடுத்த ஆள் இறங்குகிறானா என்று கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். "அதா, அதா வரான் பாரு" என்று பக்கத்தில் நின்ற பெங்களூர்க்காரர் ஒருவரின் தோளைத் தட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தைக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

சாயங்காலம் தகுதி ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை யார் எந்த வரிசையில் இறங்குவது என்பதை முடிவு செய்யும் ஓட்டம் அது. மெதுவாக வந்தவர்கள் முதலில் இறங்க வேண்டும், வேகமானவர் கடைசியில். நான் சுற்றுவழியில்தான் வந்தேன். வயலோரம் உயிரைக் கொடுத்து மிதித்தேன். இரண்டாவது இடம். பெங்களூர்ப் பெண் முதலிடம். அவள் பாறையிலிருந்து பறந்து வந்தவள். ஆனாலும் எனக்கும் அவளுக்கும் நேர வித்தியாசம் கொஞ்சம்தான். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்குப் பார், நாளைக்குப் பார் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். அவள் பேசியது பாதி கன்னடம், பாதி தமிழ். ஓசூர்க்காரிக்கு அது ஒன்றும் புதிதில்லை.

"நீங்க ஏன் பாறை மேல வரல்ல?"

மணிக்கட்டைக் காட்டிச் சொன்னேன்.

"பிரேக் ஹிடிதிரா?" என்றாள். பிரேக் பிடித்தாயா என்று கேட்கிறாள். தலையாட்டினேன். அவள் தன் கழுத்துக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினாள். காறை எலும்பு இரண்டு முறை உடைந்ததாம். இரண்டு முறையும் பிரேக்தானாம். "வாங்க" என்று சைக்கிளை எடுக்கச் சொன்னாள்.

ஷாமியானாவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதன் மேலிருந்து என்னை இறங்க வைத்தாள். விளிம்பு வந்ததும் என் கண் கீழே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"கெளகெ நோடபேடி. முந்தெ நோடி. கண்ணு எங்க போவுதோ சைக்கிள் அங்கதான் போவும். கீழ பாத்தா கீழதான் வுழுவீங்க." கீழே பார்க்காதே, முன்னால் பார் என்கிறாள்.

கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, தன் முகத்தையே பார்த்தபடி வரச் சொன்னாள். நான் இறங்கினேன். திரும்பவும், திரும்பவும். வெளிச்சம் போகிற வரைக்கும் விடவில்லை. நாளைக்கு இவளைத்தான் நான் ஜெயிக்க வேண்டும் என்பது ரெண்டு பேருக்குமே நினைவில் இல்லை. கடைசியில் விரல் பிரேக்கைத் தேடாமல் ஹேண்டிலோடு இருந்தது. ஆனால் அது முழங்கால் உயரம். மலைமேல் இருப்பது ஆள் உயரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் வந்து சேர்ந்தபோது மைக் செட்டு அணைந்து கிடந்தது. நேற்று காது கிழியப் பாட்டுப் போட்டவர்கள் இன்று கும்பல் கும்பலாக நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். வனத்துறை ஜீப் ஒன்று நின்றது. சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இரவே ஹைவேயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. ராகிக் கதிர் முற்றுகிற காலத்தில் வழக்கமாக வருவதுதான். ஆனால் நேராக எங்கள் பாதை முடிகிற இடத்துக்கே வந்து, புளியந்தோப்பில் நிற்கின்றன.

பந்தயம் போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பந்தயம் நடத்துகிறவர் வனத்துறை ஆட்களோடு ரொம்ப நேரம் பேசினார். பிறகு எங்களை எல்லாம் பக்கத்தில் வரச்சொல்லி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாம மேல இருக்கற வரைக்கும் பிரச்சனை இல்லன்னு சொல்றாங்க. கீழ் பாகத்தை வெட்டிட்டோம். பாறை தாண்டி எறங்கனதும் ஒரு மேடு இருக்கு இல்ல, அங்கயே ஃபினிஷ். இன்னிக்கி பயிற்சி கெடையாது. நேரா பந்தயம்தான். லேடீஸ் மொதல்ல. அப்பறம் முக்கியமா, யாரும் சத்தம் போடக்கூடாது. விசில் கூடாது, கைதட்டக் கூடாது. கத்தனா அப்பவே நிறுத்திடுவோம்."

எனக்கு அதற்குப் பிறகு அவர் சொன்னது காதில் விழவில்லை. கீழ் பாகம் இல்லையென்றால் வயலோரப் பாதை இல்லை. நான் மிதித்து நேரத்தைப் பிடிக்கிற இடமே போய்விட்டது. சுற்றுவழியில் போனால் கடைசி இடம் நிச்சயம். மிச்சம் இருப்பது பாறை மட்டும்தான்.

அவரும் அதே கணக்கைப் போட்டுவிட்டார். முகத்தில் தெரிந்தது. டிராக்டரில் சைக்கிளைத் தூக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். உடைந்த மணிக்கட்டு இருந்த கை.

"கடைசியா வந்தா என்னா? வந்துட்டு போ. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"நான் பாறைல வரப் போறேங்க."

அவர் என் கையை விட்டார். முன்சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். "மண்ணு ஈரமா இருக்கு. இது பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். பிறகு அத்தையைக் கூட்டிக்கொண்டு பாறைக்குக் கீழே மண்சரிவின் ஓரத்துக்குப் போய்விட்டார். நான் விழுந்தால் முதலில் ஓடிவரக்கூடிய இடம் அது என்று எனக்குத் தெரியும்.

உச்சியில் பனி விலகிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் தோப்பு மட்டும் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தது. யானைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கிளை ஒடிகிற சத்தம் மட்டும் எப்போதாவது மேலே வந்தது. அந்தச் சத்தம் வந்தபோதெல்லாம் வரிசையில் நின்ற எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

முதல் பெண் இறங்கினாள். அடுத்தவள் இறங்கினாள். எந்தச் சத்தமும் கீழேயிருந்து வரவில்லை. விழுந்தாளா, வந்தாளா, ஒன்றும் தெரியாது. அடுத்து நான். எனக்குப் பின்னால் பெங்களூர்ப் பெண் மட்டும்தான் மிச்சம்.

"பாறைதானே?" என்றாள்.

"ஆமா."

அவள் என் ஹெல்மெட்டைத் தன் ஹெல்மெட்டால் லேசாக முட்டினாள். "முந்தெ நோடி."

ஆரம்பக் கோட்டில் நின்றவர் வாய் திறந்து எண்ணவில்லை. விரல்களைக் காட்டி மடக்கினார். கடைசி விரல் மடங்கியதும் கிளம்பினேன்.

முதல் திருப்பத்திலேயே பயம் போய்விட்டது. போனது என்று சொல்வதைவிட, அதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது. கற்கள் சக்கரத்துக்கு அடியில் உருண்டன. சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தால் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். உண்ணிச்செடி கையில் கிழித்தது, வலிக்கவில்லை. நேற்று பிரேக் பிடித்த இடங்களிலெல்லாம் இன்று பிடிக்காமல் விட்டேன். யாரும் கத்தாததால் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் இன்னொருத்தி உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. மழைநீர்ப் பள்ளத்தைத் தாண்டும்போது பின்சக்கரம் வழுக்கி ஒரு பக்கமாகப் போய், தானாகவே நேராக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

பாறைத் தளத்தின் மேல் ஏறியதும் சட்டென்று எல்லாம் அமைதியானது. கல்லின் கடகடப்பு நின்று டயர் மட்டும் இழைந்து ஓடியது. விளிம்பு கோடு மாதிரி தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை, ஆகாயம். என் விரல் ஹேண்டிலிலிருந்து எழுந்தது. நானே அதைப் பார்த்தேன். எழுந்து, பிரேக்குக்குப் போகப் பார்த்தது.

கண்ணைத் தூக்கினேன். கீழே, மண்சரிவு முடிகிற இடத்தில், ஏதோ பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. அத்தையின் புடவை. கத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, அதனால் முந்தானையை இழுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சையைப் பார்த்தேன். அதை மட்டுமே பார்த்தேன். விரல் ஹேண்டிலுக்கே திரும்பியது.

அப்புறம் சக்கரத்துக்கு அடியில் எதுவுமே இல்லை.

எவ்வளவு நேரம் காற்றில் இருந்தேன் என்று கேட்டால் அரை நொடி என்பார்கள். எனக்கு அது அப்படி இல்லை. அத்தையின் பக்கத்தில் நின்ற என் கணவர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவருடைய குல்லா கீழே விழுந்து கிடந்ததைக்கூடப் பார்த்தேன். பிறகு பின்சக்கரம் மண்ணைத் தொட்டது, முன்சக்கரம் தொட்டது, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு அடி. ஈரமண்ணில் முன்சக்கரம் வழுக்கியது. வலது கால் மிதியிலிருந்து நழுவித் தரையில் உரசியது. விழப் போகிறேன் என்று நினைத்தேன். டயர் எதையோ கவ்விப் பிடித்தது. மேடு எதிரே வந்தது. ஒற்றைக் காலால் மிதித்தேன். கோட்டைத் தாண்டி, வைக்கோல் கட்டில் போய் மோதி நின்றேன்.

ஒரு கைதட்டல்கூட இல்லை. ஆனால் சுற்றி நின்ற ஐம்பது அறுபது பேரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல் குதித்தார்கள். துண்டைச் சுற்றுகிறவர்கள், தொப்பியை ஆட்டுகிறவர்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குலுக்குகிறவர்கள். இப்படி ஒரு கூட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என்னைத் தூக்க ஓடிவந்த என் கணவர், நான் நிற்பதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். நேரம் குறிக்கிறவர் பலகையைத் திருப்பிக் காட்டினார். என் நேரம்தான் மேலே இருந்தது.

அதுவரைக்கும் முதலிடத்தில் இருப்பவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் மூச்சுவிட்டபடி கேட்டார்.

"மொதல் பரிசா?"

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்க அத்தை."

"அவ வுழட்டும்."

"அய்யோ அத்தை, அவங்கதான் எனக்கு சொல்லிக் குடுத்தாங்க."

அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப வுழவேணாம். மெதுவா வரட்டும்."

அவள் மெதுவாக வரவில்லை. பாறை விளிம்பில் அவள் தோன்றியதும் எனக்குத் தெரிந்துபோனது. நான் பறந்தது பயந்து பறந்தது. அவள் படியிறங்குகிற மாதிரி வந்தாள். மண்ணைத் தொட்ட சத்தம்கூடச் சின்னதாகத்தான் கேட்டது. பலகை திரும்பியது. ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் என்னை முந்திவிட்டாள். அவ்வளவு கிட்டத்தில் போய் இரண்டாவது ஆனேன்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தாள். வெற்றி பெற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பாறைல வந்தீங்களா? வந்தீங்களா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். மேலே நின்றவளுக்கு நான் வந்தேனா விழுந்தேனா என்று தெரிய வழியில்லையே. நான் தலையாட்டியதும் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரின் மார்புக் கவசமும் டக்கென்று மோதியது. வனத்துறை ஆள் ஒருவர் உதட்டில் விரல் வைத்து எங்களை முறைத்தார்.

ஆண்கள் பிரிவு முடிவதற்குள் பனி முழுக்கக் கலைந்துவிட்டது. யாரோ கையைக் காட்ட, எல்லாரும் பாறையின் மேல் போய் உட்கார்ந்து பார்த்தோம். தோப்பை விட்டு யானைகள் வெளியே வந்திருந்தன. ஒரு குட்டி நேற்று நான் உயிரைக் கொடுத்து மிதித்த அதே வயலோரப் பாதையில் சாவகாசமாக நடந்து போனது. வயல்காரர் ஒருவர் தூரத்தில் தலையில் கைவைத்து நிற்பது தெரிந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் போனை இறக்கினார்கள். மத்தியானத்துக்கு மேல் வனத்துறை ஆட்கள் கூட்டத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதன்பிறகே மைக் போட்டுப் பரிசு கொடுத்தார்கள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கூச்சலை எல்லாரும் அப்போது மொத்தமாகப் போட்டார்கள். கடைசியாக வந்தவனுக்குக்கூட மலையே அதிர்கிற மாதிரி கைதட்டினார்கள்.

திரும்பும்போது குட்டியானை வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஹைவே டீக்கடையில் நிறுத்தினோம். அத்தை டீயைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவியிலிருக்கும் தன் தங்கச்சிக்குப் போன் போட்டார்.

"ஆமாடி, சைக்கிள்தான். மலைமேல இருந்து. அப்பிடியே பறந்து வரா. பின்னாலயே யானை... ஆமா, யானைதான்... தொரத்திக்கினு வருது. இவ நிக்கவே இல்ல."

"அம்மா, யானை எங்கம்மா தொரத்துச்சு?" என்றார் அவர்.

அத்தை போனைக் கையால் மூடிக்கொண்டு, "நீ சும்மா இருடா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்த கதை சொன்னவன்தானே நீ" என்றார். மறுபடி போனைக் காதில் வைத்தார். "மொதல் பரிசா? மொதல் பரிசு மாதிரிதான்டி. ஒரு கண்ணு சிமிட்ற நேரம், அவ்ளதான்."

எனக்குச் சிரிப்பில் டீ புரையேற, அவர் என் முதுகைத் தட்டிவிட்டார். கிளாஸிலிருந்து டீ தளும்பி, மண் ஒட்டி அழுக்கேறியிருந்த விரல்களில் வழிந்தது. அத்தை போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது வருசத்துக்கு ஒருக்காதானா? நடுவுல எங்கியும் கெடையாதா?"